ஆலோசனை வழங்கப்பட்டது

செப்டம்பர் 4, திங்கள்

இன்று இருபத்தொன்பது வீடு. வழியில் ஸ்கூட்டி பஞ்சர். கடைசி ஆறு வீட்டுக்கு மாத்திரைப் பையைச் சுமந்துகொண்டு நடந்தேன். குதிகால் வெடிப்பில் மண் ஏறிக் குத்துகிறது.

இந்த மாதத்திலிருந்து போனில் புதுப் படிவம். வீடு வீடாகப் போய் சுகரும் பிரஷரும் பார்த்து மாத்திரை கொடுத்தால் மட்டும் போதாதாம். ஒவ்வொருவரிடமும் எட்டுக் கேள்வி கேட்க வேண்டும். முதல் ஐந்து பழையவைதான்: புகையிலை, உப்பு, நடை, தூக்கம், மாத்திரை. மூன்று புதிது. உடம்பில் ஆறாத காயம் உண்டா? மூன்று மாதத்துக்குள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டாரா? வீட்டில் கால்நடை உண்டா, அதற்கு என்ன மருந்து கொடுக்கிறார்கள்? பதிலைக் கேட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேச வேண்டும். பேசி முடித்ததும் 'ஆலோசனை வழங்கப்பட்டது' என்ற கட்டத்தைத் தொட்டால் பச்சையாகிறது.

எல்லா வீட்டிலும் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் நான் வீடு வந்து சேர்வது எப்போது?

கடைசி வீடு குட்டைக்காட்டில் மயிலாத்தாள் அக்கா. ஐம்பத்திரண்டு வயது, ஆறு வருடமாகச் சுகர். இன்று 262. மாத்திரை கொடுத்தேன். எல்லாம் வழக்கம் போல.

குட்டைக்காட்டில் டவர் கிடைக்காது. படிவங்களை வீட்டுக்கு வந்து, குக்கர் சத்தம் வருவதற்குள் நிரப்பிவிட்டேன்.

செப்டம்பர் 5, செவ்வாய்

பஞ்சர் ஒட்டியாச்சு. துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது.

செப்டம்பர் 7, வியாழன்

சுகாதார நிலையத்தில் மாதக் கூட்டம். டாக்டர் யமுனா இங்கே வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. ஆனால் எல்லார் வேலையும் அவருக்குத் தெரியும். யார் எத்தனை பேரிடம் பேசினோம் என்று திரையில் போட்டுக் காட்டினார்.

"நளாயினி சிஸ்டர் நூத்துக்கு நூறு" என்று என்னைக் காட்டினார். கைதட்டினார்கள்.

பிரேமா சிஸ்டர் பாதிகூடத் தாண்டவில்லை. "உக்காந்தா எந்திரிக்க உட மாட்டேங்கறாங்க டாக்டர். பேசிட்டே இருக்காங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

செப்டம்பர் 11, திங்கள்

மயிலாத்தாள் அக்காவை நேற்று பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். குளிர்ஜுரம், உளறல். வலது கை முழங்கை வரை வீங்கிவிட்டதாம். காலையில் ஊசி போட வந்த குட்டைக்காட்டுப் பெண் சொன்னாள்.

போன திங்கள்தான் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தார். சுகர் மட்டும்தான் அதிகம்.

போர்வைகளை நனைத்துப் போட்டேன்.

செப்டம்பர் 12, செவ்வாய்

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் நம் டாக்டர் யமுனாவுக்குப் போன் செய்தார். நான் ஊசி அறையிலிருந்து பஞ்சு எடுக்க வந்தவள், நின்றுவிட்டேன். ஸ்பீக்கரில்தான் பேசினார்கள்.

"ஞாயித்துக்கிழமையில இருந்து ஊசி போடறோம், ஜுரம் இறங்கல. உங்க ரெகார்டுல ஏதாவது இருக்கா?"

டாக்டர் யமுனா கம்ப்யூட்டரில் மயிலாத்தாள் அக்காவின் பக்கத்தைத் திறந்து படித்தார். "காயம் இல்லை. ஆன்டிபயாடிக் எடுக்கவில்லை. வீட்டில் கால்நடை இல்லை. ஆலோசனை வழங்கப்பட்டது. செப்டம்பர் நாலு."

"வீட்டுக்காரரும் அதேதான் சொல்றார். அருவாமணையில வெட்டிக்கிட்டாங்களாம், நாலு நாளைக்கு முன்னாடி. அப்ப இதே மருந்தைத் தொடர்றோம். என்ன கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும்னு பாக்க நாளைக்குக் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்து அனுப்பறோம். ரிசல்ட் வர மூணு நாள் ஆகும்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க பாத்தப்பக் கையில ஒண்ணும் இல்லையா சிஸ்டர்?"

"இல்ல டாக்டர்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேன் டாக்டர்."

கையில் துணி ஏதும் சுற்றியிருந்தாரா என்று யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகம் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை கையைத்தான் பார்ப்பது.

அவர்கள் வீட்டு வாசலுக்குப் போக வேண்டுமென்றால், முன்னால் கட்டியிருக்கும் செவலை மாட்டைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

செப்டம்பர் 13, புதன்

தடுப்பூசி நாள். இரண்டு மணிக்கு முடிந்ததும் பஸ் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏன் போனேன் என்று பிரேமா சிஸ்டர் கேட்டால் சொல்ல ஒரு காரணம் வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

மயிலாத்தாள் அக்காவின் கை தலையணை மேல் கிடந்தது. அது கை மாதிரி இல்லை. தோல் பளபளவென்று இழுத்து, விரல்கள் தனித்தனியாகத் தெரியாமல். ஆள் அடையாளம் தெரிந்து ஏதோ சொல்ல உதட்டை அசைத்தார். புரியவில்லை. "பேசாதீங்கக்கா" என்றேன்.

வெளியே வராந்தாவில் அவர் வீட்டுக்காரர் அர்த்தநாரி அண்ணன் தரையில் குத்தவைத்திருந்தார். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.

"அருவாமணையில வெட்டினதா சொன்னீங்களாமே அண்ணா."

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். "உங்ககிட்ட என்னுங்க மறைக்கறது. மாட்டுக்கு மூணு மாசமா மடிநோய். காம்புல ஏத்தற ட்யூப்பு மருந்து வாங்கி நானே ஏத்துனனுங்க. வீக்கம் வத்துனா நிறுத்திருவன். மறுக்கா வந்தா வேற ட்யூப்பு. அவ அந்த மடியத்தான் தெனம் ரெண்டு வேளை கறந்தா. வெரல் இடுக்குல வெடிப்பு. அது ஊதிப் பழுத்துப் பதினஞ்சு நாள் ஆச்சுங்க. டவுன் மருந்துக்கடையில மாத்திரை வாங்கிக் குடுத்தன். கொறஞ்சாப்பல இருந்துச்சு, நிறுத்திட்டன். மறுக்கா வந்துச்சு. வேற மாத்திரை."

"இதை டாக்டர்கிட்டச் சொல்லுங்கண்ணா. இப்பவே."

"சொசைட்டிக்குத் தெரிஞ்சா பாலை எடுக்க மாட்டாங்க. சீக்கு மாட்டுப் பாலைச் சேத்து ஊத்திட்டான்னு ஊரே பேசும்."

"அண்ணா, உசுருங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார். "நீங்களே எங்கூட்டுல மாடு இல்லைன்னுதானுங்களே எழுதியிருக்கீங்க? டாக்டரு நேத்துக் கேட்டாரு, 'உங்க ஊரு சிஸ்டரும் இல்லைன்னுதான் போட்டிருக்காங்க'ன்னாரு. சிஸ்டரு நம்ம கஷ்டம் தெரிஞ்சு மறைச்சு உட்டிருக்காங்கன்னு மனசுக்குள்ள உங்களைக் கும்பிட்டனுங்க."

கும்பிட்டே காட்டினார்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நின்றுகொண்டே வந்தேன்.

செப்டம்பர் 14, வியாழன்

துணி சுற்றியிருந்தது. பழைய வேட்டிக் கிழிசல். மஞ்சள் கறை. பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் சிவமூர்த்தியிடம் காலையில் சொன்னேன். மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "நீ எழுதாட்டியும் அந்தாளு பொய்தானே சொன்னாரு? அவரு சொல்ல வேண்டியதை அவரு சொல்லட்டும். நீ எதுக்குப் போயித் தலையைக் குடுக்கற? ரெண்டு நாள்ல ரிசல்ட் வந்தா எல்லாம் தன்னால தெரிஞ்சிட்டுப் போகுது" என்றார்.

ரிசல்ட் வந்தால் தன்னால் தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை கொடுக்கும்போதெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். இருநூற்றுப் பத்துப் பிள்ளைகள். வாயைத் திறந்து காட்டு, முழுங்கு, அடுத்தது.

இன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 15, வெள்ளி

சொன்னேன்.

டாக்டர் யமுனா அறையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து உள்ளே போனேன். கதவைச் சாத்தினேன். "மயிலாத்தாள் அக்கா படிவத்துல இருக்கறது எதுவும் நான் கேட்டு எழுதினதில்ல டாக்டர்" என்றேன். மாட்டைச் சொன்னேன், ட்யூப்பைச் சொன்னேன், மாத்திரைகளைச் சொன்னேன். பதினைந்து நாள் புண் என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. போனை எடுத்தார். "சார், அந்தப் பேஷண்டுக்கு மடிநோய் மாட்டோட தொடர்பு இருக்கு. மூணு மாசமா மாட்டுக்கு மாத்தி மாத்தி ஆன்டிபயாடிக் ஏத்தியிருக்காங்க. பேஷண்டும் ரெண்டு கோர்ஸ் பாதியில விட்டிருக்காங்க. மருந்துக்கு அடங்காத கிருமியா இருக்கலாம். ப்ளீஸ், கல்ச்சருக்குக் காத்திருக்காதீங்க." அந்தப் பக்கம் இருந்த டாக்டர், "இப்பவே மாத்தறேன்" என்றார்.

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இதை எப்பத் தெரிஞ்சுக்கிட்டீங்க?"

"முந்தாநாள்."

"முந்தாநாள்" என்றார். ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "எழுதிக் குடுங்க சிஸ்டர்."

எழுதிக் கொடுத்தேன். ஆனால் அந்தத் தாளில் ஒன்றை விட்டுவிட்டேன். இங்கே எழுதிவிடுகிறேன்.

நாலாம் தேதி நான் மாத்திரையை எண்ணிக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது மயிலாத்தாள் அக்கா கூப்பிட்டார். "ஏனுங் சிஸ்டர், ஒன்னு கேக்கட்டுங்களா? மாட்டுக்குக் குடுக்கற மருந்தும் மனுசருக்குக் குடுக்கற மருந்தும் ஒன்னேதானுங்களா? ஒன்னு கேக்காமப் போனா இன்னொன்னும் கேக்காதுங்களா?" என்றார். துணி சுற்றிய கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு கேட்டார். எனக்குக் குதிகால் எரிந்துகொண்டிருந்தது. "அடுத்த மாசம் வர்றப்ப நெதானமாப் பேசலாங்கக்கா" என்று சொல்லிவிட்டு நடந்தேன். "செரிங்க சிஸ்டர், பாத்துப் போங்க" என்றார்.

இதுதான் நடந்தது.

செப்டம்பர் 16, சனி

கல்ச்சர் ரிசல்ட் வந்துவிட்டது. டாக்டர் யமுனா சொன்னபடியேதான். கொடுத்துக்கொண்டிருந்த மருந்து அந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. நேற்று மாற்றியதுதான் செய்யும். ஐந்து நாள் தண்ணீரை ஏற்றிய மாதிரி.

"நான் புதன்கிழமையே சொல்லியிருந்தா?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியல. யாராலயும் சொல்ல முடியாது. என்கிட்டக் கேக்காதீங்க சிஸ்டர்" என்றார்.

செப்டம்பர் 17, ஞாயிறு

ஜுரம் இறங்கியிருக்கிறதாம். இரண்டு வாய் கஞ்சி குடித்தாராம். கோவிலுக்குப் போனேன். என்ன வேண்டுவது என்று தெரியாமல் நின்றுவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 19, செவ்வாய்

சிறுநீர் பிரியவில்லை. கிருமி இதய வால்வில் போய் உட்கார்ந்துவிட்டது என்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

இருபத்தொன்பது வீட்டில் இன்று நாலு வீட்டுக்கு மறுபடி போனேன். எட்டுக் கேள்வியையும் கேட்டேன். மூன்றாவது வீட்டில் அந்த அம்மாள், "ஏனுங், போன தடவைதான் எல்லாம் கேட்டாச்சுன்னு போன்ல மெசேஜ் வந்துச்சே?" என்றார். "சரியாக் கேக்கலைங்க" என்றேன்.

செப்டம்பர் 21, வியாழன்

காலை பத்து மணிக்கு மயிலாத்தாள் அக்கா இறந்துவிட்டார்.

செப்டம்பர் 22, வெள்ளி

குட்டைக்காடு போனேன். எடுத்து முடித்துவிட்டார்கள். பந்தலில் ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். மயிலாத்தாள் அக்காவின் மகள் மேகலா என்னை அடையாளம் கண்டு ஓடி வந்து கட்டிக்கொண்டு அழுதாள். கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து, அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன அன்று வந்தவள்.

"சிஸ்டரு மாசாமாசம் வர்றாங்க, இருக்கறியா செத்தியான்னு கேக்க அவங்க ஒருத்தராவது இருக்காங்கன்னு அம்மா சொல்லும்" என்றாள்.

எனக்கு நாற்காலி போடச் சொன்னாள். காபி கொண்டுவரச் சொன்னாள். எல்லோருக்கும் பேப்பர் கப்பில் கொடுத்தார்கள். எனக்கு மட்டும் டம்ளரில் வந்தது. குடித்தேன். குடித்து முடிக்கிற வரை அவள் பக்கத்தில் நின்றாள்.

அர்த்தநாரி அண்ணன் தூரத்தில் இருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 25, திங்கள்

மூன்று நாளாக அந்தக் காபி தொண்டையிலேயே நிற்கிறது. இன்று போய் மேகலாவிடம் சொல்லிவிட்டேன்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே கேட்டாள். படிவத்தைச் சொன்னபோது புரியாதவள் மாதிரி இருந்தாள். அவள் அம்மா கேட்ட கேள்வியைச் சொன்னதும் வாளியைக் கீழே வைத்தாள்.

"அம்மா அப்பிடிக் கேட்டப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

"அடுத்த மாசம் பேசலாம்னு சொன்னேன்."

"எத்தனை நேரம் ஆயிருக்கும், நின்னு பதில் சொல்லியிருந்தா?"

"அஞ்சு நிமிசம்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அப்போதுதான் பார்த்தேன். இடது மணிக்கட்டுக்கு மேலே சிவந்து ஒரு கொப்புளம். நடுவில் வெள்ளையாகச் சீழ். சுற்றிலும் தோல் இறுகிப் பளபளத்தது.

"மேகலா, இது எத்தனை நாளா இருக்குது? மாட்டை நீயா கறக்கற?"

"பின்ன யாரு கறக்கறது?"

"கையைக் காட்டு. ஒரே ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன். இது சாதாரணக் கொப்புளம் இல்ல. காய்ச்சின பாலால ஒன்னும் ஆகாது, அந்த மடியத் தொடற கைதான்..."

"வெளிய போங்க."

"கடையில மாத்திரை மட்டும் வாங்கிப் போட்டுராத. அதை மட்டும் சொல்லு, போட்டியா?"

"வெளிய போங்க சிஸ்டர்!"

போய்விட்டேன்.

செப்டம்பர் 26, செவ்வாய்

டாக்டர் யமுனா கால்நடை டாக்டரிடம் பேசினார். அவர் காலையில் போய்ப் பரிசோதனைக்கு மாட்டுப் பால் எடுத்துவந்தார். மாட்டைத் தனியாகக் கட்டச் சொல்லியிருக்கிறார். ட்யூப் எதுவும் இனி ஏற்றக் கூடாது, கையுறை இல்லாமல் மடியைத் தொடக் கூடாது. அவரை உள்ளே விட்டார்கள். பத்து மணிக்கு நான் போனபோது கேட் உள்ளே பூட்டியிருந்தது. "மேகலா" என்று நாலு தடவை கூப்பிட்டேன். வெயில் ஏறும் வரை நின்றேன். யாரும் வரவில்லை.

எனக்கு விசாரணைக் கடிதம் வந்திருக்கிறது. அடுத்த வாரம் நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். சிவமூர்த்தி பேசுவதில்லை.

செப்டம்பர் 27, புதன்

மறுபடி போனேன். கேட் பூட்டுத்தான். இன்று அர்த்தநாரி அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து வரவில்லை. கேட்டுக்கு வெளியிலிருந்தே கத்திச் சொன்னேன்: "அண்ணா, அக்காவுக்கு நான் பண்ணினது பண்ணினதுதான். என்ன வேணும்னாலும் எம்மேல எழுதிக் குடுங்க. மேகலாவுக்கு ஜுரம் வந்தா ஒரு நாள்கூடப் பொறுக்காதீங்க. என்னென்ன மருந்து ஏத்துனீங்க, என்னென்ன மாத்திரை குடுத்தீங்க, அது டாக்டருக்குத் தெரியோணும். எங்கிட்டச் சொல்ல வேண்டாம். டாக்டர்கிட்டச் சொல்லுங்க."

பக்கத்துத் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கேட்டிருக்கும்.

இராத்திரி சாப்பிடவில்லை.

செப்டம்பர் 28, வியாழன்

பதினொரு மணிக்கு வெளிநோயாளிகள் வரிசை வாசல் வரை நின்றது. அர்த்தநாரி அண்ணன் வந்தார். ஒரு கையில் மூடி போட்ட பெயிண்ட் வாளி. பின்னால் மேகலா, கையைச் சேலையில் மறைத்துக்கொண்டு. கண் சிவந்திருந்தது, உதடு வெடித்திருந்தது. ஜுரம் என்று பார்த்ததும் தெரிந்தது.

வரிசையில் முன்னால் நின்றவர்கள் துக்க வீட்டுக்காரர்கள் என்று வழிவிட்டார்கள். அவர் நேரே டாக்டர் யமுனாவின் மேசைக்குப் போய் வாளியைக் கவிழ்த்தார்.

காலி ட்யூப்கள். மாட்டுக்கொட்டகைச் சந்தில், சாணிக்குழியில், எங்கெங்கோ கிடந்ததைப் பொறுக்கிக் கழுவிக் கொண்டுவந்திருக்கிறார். நாலு விதம். பாதி காலியான மாத்திரை அட்டைகள் மூன்று. பவுடர் பாக்கெட் ஒன்று. ஒன்று உருண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுத்து மேசை மேல் வைத்தார்.

"இது மொதல்ல ஏத்துனது. நாலு நாளு. அப்புறம் இது. இந்த மாத்திரை அவளுக்கு. இது பாதியில நிறுத்துனது. இந்தப் பொடியைத் தண்ணியில கலந்து மாட்டுக்கு ஊத்துனன்" என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். பின்னால் வரிசையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர்களும் இருந்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தவில்லை. "மூணு மாசம் சீக்கு மாட்டுப் பாலையும் சேத்துத்தானுங்க ஊத்துனன். அதையும் எழுதிக்குங்க. எம்புள்ளைக்கு என்ன மருந்து கேக்கும்னு பாத்துச் சொல்லுங்க."

டாக்டர் யமுனா ஒவ்வொரு ட்யூப்பையும் எடுத்துப் பெயரைப் படித்து எழுதினார். எழுதி முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. வரிசையில் ஒரு ஆள்கூட முணுமுணுக்கவில்லை.

மேகலாவின் கொப்புளத்திலிருந்து சீழ் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை சொல்லியாகிவிட்டது. எந்த மருந்தில் தொடங்க வேண்டும் என்றும் போனில் முடிவு செய்தார்கள். முன்பு மாதிரி இல்லை. முதல் ஊசியே சரியான ஊசி. ரத்தத்தில் கலந்துவிட்டதா என்று இன்னும் தெரியாது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போடச் சொன்னார் டாக்டர்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். கையுறை மாட்டினேன். மேகலா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கையை நீட்டவில்லை. என்னைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்துக் கேட்டாள்.

"கட்டுப் போட வேற சிஸ்டர் இல்லீங்களா?"

டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"இருக்காங்க" என்றேன். தட்டை மேசையில் வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பிரேமா சிஸ்டரைக் கூப்பிடப் போனேன்.